கீநோட்டும் நிறைவு அமர்வும்: இ.பி.ஆர். மாநாடுகள் சறுக்கும் இடங்கள்

பொருளை விற்றதோடு தயாரிப்பாளரின் கடமை முடிந்ததா, அது குப்பையாகும் நாள்வரை அவருக்கும் பொறுப்பு உண்டா? இதைப் பேசும் மாநாடுகள் இந்தியாவில் பெருகிவிட்டன. 2022-ல் மட்டும் பிளாஸ்டிக் பேக்கேஜிங், பேட்டரி, மின்கழிவு என்று அடுத்தடுத்து தயாரிப்பாளர் பொறுப்பு விதிகள், அதாவது இ.பி.ஆர்., வந்தால் பெருகாமல் என்ன செய்யும்? நடுவில் நடக்கும் அமர்வுகள் பெரும்பாலும் ஒப்பேறிவிடும். கோட்டை விடுவது கீநோட் எனப்படும் முதல் உரையிலும், நிறைவு அமர்வு எனப்படும் கடைசி அமர்விலும்தான்.

கீநோட்டில் அடிக்கடி பார்ப்பது சரித்திர வகுப்பு. 1990-ல் ஸ்வீடனில் தாமஸ் லிண்ட்க்விஸ்ட் இந்தக் கருத்தை முன்வைத்தார், 1991-ல் ஜெர்மனி பேக்கேஜிங் சட்டம் போட்டது என்று தொடங்கி, இந்தியாவின் 2011 மின்கழிவு விதிகளுக்கு வந்து சேர்வதற்குள் அரங்கில் பாதிப் பேர் போனைத் தடவிக்கொண்டிருப்பார்கள். வந்திருப்பவர்கள் இந்த விதிகளை வைத்துத்தான் சம்பளம் வாங்குகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது, உட்கார்ந்து அவிழ்க்க ஒரு முடிச்சு.

மின்கழிவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023-24, 2024-25 ஆண்டுகளுக்குத் தயாரிப்பாளரின் மறுசுழற்சி இலக்கு 60%, அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு 70%, 2027-28 முதல் 80%. மறுசுழற்சியாளரிடம் சான்றிதழ் வாங்கினால் இலக்கு நிறைவேறியதாகக் கணக்கு. அந்தச் சான்றிதழுக்குப் பின்னால் நிஜமாகவே ஒரு பழைய ஃபிரிட்ஜ் உடைக்கப்பட்டதா? பிளாஸ்டிக்கில் லட்சக்கணக்கான போலிச் சான்றிதழ்கள் 2023-ல் பிடிபட்ட பிறகு இது சந்தேகப் பிராணிகள் மட்டும் கேட்கும் கேள்வி இல்லை. இந்த ஒன்றை மேடையில் போட்டுவிட்டு இறங்கினாலே இரண்டு நாள் பேச்சுக்குத் தீனி கிடைக்கும்.

உள்ளூர் உதாரணமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 2022-ல் நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் தரத் தொடங்கினார்கள். டெபாசிட் முறையை விளக்க இதைவிட எளிய கதை கிடையாது. சிக்கல்களும் அதிலேயே இருக்கின்றன: காலி பாட்டிலை எங்கே அடுக்குவது, கூடுதல் வேலைக்குக் கடை ஊழியருக்கு என்ன, திரும்பி வராத பாட்டிலின் பத்து ரூபாய் யாருக்கு?

கீநோட்டை அதிகம் பணம் கொடுத்த ஸ்பான்சருக்குத் தூக்கிக் கொடுப்பது இன்னொரு தவறு. என்னதான் நல்ல விஷயம் பேசினாலும் விளம்பரமாகவே காதில் விழும். ஸ்பான்சருக்கு மரியாதை செய்ய வேறு இடமா இல்லை? காயலான் கடைக்காரரோ ஸ்லைடில் ‘முறைசாராத் துறை’ என்ற பெயரில் வந்து போவதோடு சரி. பேச்சாளர் மாநாட்டுக்கு முன் ஒரு நாள் அப்படி ஒரு கடையில் உட்கார்ந்துவிட்டு வந்தால் உரையின் தொனியே மாறும். (மேடையில் வரிசையாகப் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில், பாலிதீன் உறை பிரிக்காத பொன்னாடை. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.)

நிறைவு அமர்வைப் பலர் நன்றியுரை என்றே நினைக்கிறார்கள். நன்றியுரைக்கு ஐந்து நிமிடம் போதும். நிறைவு அமர்வு கீநோட்டில் போட்ட முடிச்சு எவ்வளவு அவிழ்ந்தது என்று சொல்ல வேண்டிய இடம். அன்று மாலைதான் வந்திறங்கிய பிரமுகரிடம் மைக்கைக் கொடுத்தால் அவர் என்ன செய்வார், பாவம்? நிகழ்ச்சி நிரலையே திருப்பி வாசிப்பார்.

சண்டையை மூடி மறைப்பது அதைவிட மோசம். மலிவான சான்றிதழைத்தான் தேடுகிறீர்கள் என்று மறுசுழற்சியாளர் கம்பெனிக்காரரிடம் சொல்லியிருப்பார். சேகரிப்புச் செலவு எங்கள் தலையில் விழுகிறது என்று மாநகராட்சி அதிகாரி முறையிட்டிருப்பார். இதையெல்லாம் ‘ஆக்கபூர்வமான விவாதம்’ என்று ஒரே வரியில் அமுக்கினால், பேசியவர்களுக்கே நாம் பேசினோமா என்று சந்தேகம் வந்துவிடும்.

இதற்குப் பெரிய ஏற்பாடெல்லாம் வேண்டாம். ஒவ்வோர் அமர்விலும் குறிப்பெடுக்க ஒருவர், கையில் ஒரு தாள். எதில் ஒத்துப்போனார்கள், எதில் முட்டிக்கொண்டார்கள், யார் எதை எந்தத் தேதிக்குள் செய்வதாகச் சொன்னார்கள் என்று மூன்றே கேள்வி. அந்தத் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லா அமர்விலும் உட்கார்ந்திருந்த ஒருவர் பேச வேண்டும். அதையும் மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே வைத்துவிடுங்கள். மாலை நான்கு மணிக்கு வைத்தால் பாதி அரங்கு பெட்டியோடு ரயிலுக்குக் கிளம்பியிருக்கும். அடுத்த வருடக் கீநோட் பேச்சாளருக்கு அழைப்பிதழோடு அந்தத் தாள்களின் நகலும் போகட்டும். லிண்ட்க்விஸ்டிலிருந்து தொடங்க அவருக்கு மனசு வராது.