பிஎச்பி கற்கும்போது சறுக்கும் இடங்கள்

இணையதளங்களை உருவாக்க உதவும் பிஎச்பி என்ற நிரல்மொழியைப் படிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் முதல் நாளே சறுக்குவது பாடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான். ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995இல் வெளியிட்ட சில சிறு கருவிகளில் இருந்து வளர்ந்த மொழி இது. முப்பது ஆண்டுப் பாடங்களும் தேடினால் இன்றும் கிடைக்கின்றன, எது பழையது என்று தொடக்கநிலையில் தெரிவதில்லை.

ஓர் அடையாளம் சொல்கிறேன். தரவுத்தளத்தோடு இணைய 'மைஎஸ்க்யூஎல்_கனெக்ட்' என்று பாடம் சொன்னால் அதை மூடிவிடுங்கள். அந்தச் செயற்கூறுக் குடும்பமே 2015 டிசம்பரில் வந்த 7ஆம் பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டது. அப்படிப்பட்ட பாடங்களோடு இன்னொரு ஆபத்தான பழக்கமும் ஒட்டிக்கொண்டு வரும்: பயனர் தட்டியதை அப்படியே எஸ்க்யூஎல் (தரவுத்தளத்துக்குக் கட்டளையிடும் மொழி) வரிக்குள் கோப்பது. பெயர் கேட்கும் பெட்டியில் ஒற்றை மேற்கோள் குறியும் கொஞ்சம் எஸ்க்யூஎல்லும் போட்டு, ஒருவர் உங்கள் அட்டவணை முழுவதையும் படித்துவிடலாம். தரவுத்தளத்தோடு பேச பிஎச்பி தரும் பிடிஓவில் ப்ரிப்பேர், எக்ஸிக்யூட் என்று இரண்டு படியாக எழுதி, பயனர் தருவதை இரண்டாம் படியில் தனியாகக் கொடுத்தால், அது வெறும் மதிப்பாகவே நிற்கும், கட்டளையாக மாறாது. கடவுச்சொல்லை எம்டி5 என்ற, எளிதில் உடைக்கக்கூடிய மறைப்பு முறையில் போட்டு வைப்பதும் இதே காலத்துப் பழக்கம். 2013இல் வந்த 5.5ஆம் பதிப்பிலிருந்தே அதற்கென 'பாஸ்வேர்ட்_ஹேஷ்' மொழிக்குள் இருக்கிறது.

அடுத்தது சமக்குறி. இரண்டு சமக்குறி போட்டால் பிஎச்பி வகையை மாற்றிப் பார்த்து ஒப்பிடும், மூன்று போட்டால் வகையும் ஒத்துப்போக வேண்டும். ஒரு காலத்தில் 0 என்ற எண்ணும் 'வணக்கம்' என்ற சரமும் சமம் என்றே விடை வரும். 2020இல் வந்த 8ஆம் பதிப்பு அதைத் திருத்தியது. ஆனாலும் ஒரு சொல் வரியில் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் 'ஸ்ட்ர்பாஸ்' இன்னும் ஆளைக் கவிழ்க்கிறது. தேடிய சொல் வரியின் தொடக்கத்திலேயே இருந்தால் அது 0 தரும், நிபந்தனை பார்க்கும் இஃப் அதைப் 'பொய்' என்று எடுத்துக்கொள்ளும். நான் எழுதிய ஒரு தேடலில் முதல் சொல் மட்டும் சிக்காமல் போனதற்குக் காரணம் இதுதான். கண்டுபிடிக்க ஒரு நாள் முழுக்க ஆயிற்று. இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரிந்தால் போதும் என்றால் 8ஆம் பதிப்பின் 'ஸ்ட்ர்_கன்டெய்ன்ஸ்' பயன்படுத்துங்கள்.

தமிழில் தளம் செய்கிறவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது எழுத்து எண்ணிக்கை. 'தமிழ்' என்ற சொல்லை, நீளம் சொல்லும் 'ஸ்ட்ர்லென்'னிடம் கொடுத்தால் 15 என்கிறது, ஏனென்றால் அது பைட்டுகளை எண்ணுகிறது. யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். 'எம்பி_ஸ்ட்ர்லென்' 5 என்கிறது, இகரக் குறியும் புள்ளியும் அதில் தனித்தனிக் கணக்கு. நாம் கண்ணால் பார்க்கும் 3 எழுத்து வேண்டுமென்றால் இன்ட்ல் நீட்சியின் 'கிராஃபீம்_ஸ்ட்ர்லென்' வேண்டும். தலைப்பைச் சுருக்கும்போது, பைட் கணக்கில் வெட்டும் 'சப்ஸ்ட்ர்' போட்டுப் பாருங்கள், கடைசி எழுத்து சிதைந்து கேள்விக்குறிக் கட்டமாக நிற்கக்கூடும்.

பதிப்பைப் புதுப்பிக்காமல் விடுவதும் தவறே. 7.4க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றுவிட்டன. பிறர் எழுதிய நிரல் நூலகங்களைக் கையால் இறக்கி நகலெடுக்காதீர்கள், அவற்றை நிர்வகிக்கும் கருவியான கம்போசரிடம் விடுங்கள்.

இவற்றையெல்லாம் தனியாக முட்டிமோதிக் கற்க வேண்டியதில்லை. பிஎச்பிக்காரர்கள் புதியவரை அரவணைக்கிறவர்கள். நீல யானையைச் சின்னமாக வைத்துக்கொண்டு கூடுகிறவர்கள். மொழியில் வரும் மாற்றங்கள்கூட ஆர்எஃப்சி (கருத்துக் கேட்கும் முன்மொழிவு) என்ற பெயரில் எல்லார் கண்முன்னும் விவாதிக்கப்பட்டு, மூன்றில் இரண்டு பங்கு வாக்கு பெற்றால்தான் ஏற்கப்படுகின்றன. இத்தனை திறந்த இடத்தில் "வேலை செய்யவில்லை" என்று மட்டும் கேட்டு நிற்பது வருத்தமாக இருக்கிறது. உங்கள் கணினியில் பிழைச் செய்திகளை முழுதாகக் காட்டச் சொல்லுங்கள், பொதுவெளிச் சர்வரில் மட்டும் அதை அணைத்து வையுங்கள். பிழைச் செய்தி, பதிப்பு எண், சிக்கலைக் காட்டும் பத்து வரி நிரல் ஆகியவற்றோடு கேளுங்கள். கடவுச்சொற்களை அழித்துவிட்டுக் கொடுங்கள்.

பங்களிக்க, பிஎச்பி எழுதப்பட்ட சி மொழி தெரிந்திருக்க வேண்டும் என்று ஒதுங்கியும் போகாதீர்கள். அதிகாரபூர்வக் கையேடு, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் திறந்தே இருக்கிறது. அதில் ஓர் உதாரணம் உங்களைக் குழப்பினால், குழப்பம் நினைவில் இருக்கும்போதே திருத்தி அனுப்புங்கள்.