கிறிஸ்து யாருக்காக மரித்தார்? இந்த வாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிறிஸ்து எல்லா மனிதருக்காகவும் மரித்தாரா, தேவன் தெரிந்துகொண்டவர்களுக்காக, அதாவது இரட்சிப்புக்கென்று முன்பே தேர்ந்தெடுத்தவர்களுக்காக மட்டுமா? பொதுவாக, முதலாவதைச் சொல்பவர்களை அர்மீனியர்கள் (அர்மீனியஸ் என்ற டச்சு இறையியலாளரின் வழிவந்தோர்) என்றும், இரண்டாவதைச் சொல்பவர்களைக் கால்வினிஸ்டுகள் (சீர்திருத்தவாதி ஜான் கால்வினின் வழிவந்தோர்) என்றும் அழைப்பார்கள். வேதபாட வகுப்பில் இந்தக் கேள்வி வந்தால் சீக்கிரமே குரல் உயர்ந்துவிடும். எதிரே இருப்பவர் சொல்லாத ஒன்றை அவர் தலையில் கட்டுவதால்தான் பாதிச் சண்டை வருகிறது. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு, ஏனென்றால் பேசுகிற பொருள் சிலுவை.

முதல் தவறு, இதைச் சிலுவையின் மதிப்பு பற்றிய சண்டையாக நினைப்பது. "கால்வினிஸ்டுகள் கிறிஸ்துவின் இரத்தத்தின் வல்லமையைக் குறைக்கிறார்கள்" என்று பலர் சொல்லக் கேட்கிறோம். 1618-19இல் நெதர்லாந்தின் டோர்ட்ரெக்ட் நகரில் கூடி, கால்வினிஸ்டுகளின் நிலைப்பாட்டை வகுத்த டோர்ட் பேரவையின் தீர்மானங்களை எடுத்துப் பாருங்கள். இரண்டாம் அதிகாரத்தின் மூன்றாவது பிரிவு, தேவகுமாரனின் மரணம் அளவற்ற மதிப்புள்ளது, முழு உலகத்தின் பாவங்களையும் நிவிர்த்தி செய்யத் தாராளமாகப் போதுமானது என்கிறது. எட்டாவது பிரிவில்தான் தகராறுக்குரிய விஷயம் வருகிறது: அந்த மரணத்தின் இரட்சிக்கும் பலன் தெரிந்துகொள்ளப்பட்டவர்களைத் திண்ணமாகச் சென்றடைய வேண்டும் என்பதே பிதாவின் நோக்கம். ஆக, கேள்வி பலியின் அளவைப் பற்றியதே இல்லை. குமாரனை அனுப்பியபோது பிதா எதை நிறைவேற்ற எண்ணினார் என்பதுதான் கேள்வி. "எல்லாருக்கும் போதுமானது, தெரிந்துகொள்ளப்பட்டவர்களுக்குப் பலனுள்ளது" என்ற கருத்து கால்வினுக்கு முன்பே, 12ஆம் நூற்றாண்டில் பீட்டர் லோம்பார்டிடம் இருந்தது.

மறுபக்கத்துத் தவறும் இதே அளவு அநியாயம். "எல்லாருக்காகவும் மரித்தார் என்றால் எல்லாரும் பரலோகம் போவார்களா?" என்று மடக்குவது. அர்மீனியஸ் 1609இல் இறந்தார். மறு ஆண்டு அவருடைய ஆதரவாளர்கள் ஐந்து கூற்றுகளை எழுதிக் கொடுத்தார்கள். அதில் இரண்டாவது கூற்று, கிறிஸ்து ஒவ்வொரு மனிதருக்காகவும் மரித்தார் என்று சொன்ன கையோடு, விசுவாசிக்கிறவரைத் தவிர வேறு யாரும் அந்த மன்னிப்பை அனுபவிப்பதில்லை என்றும் சொல்கிறது. எல்லாரும் இரட்சிக்கப்படுவார்கள் என்ற போதனை வேறு, இது வேறு. எல்லாருடைய பாவத்துக்கும் கிறிஸ்து தண்டனையைச் சுமந்துவிட்டார் என்றால், நரகம் போகிறவர்களின் ஒரே பாவத்துக்கு இருமுறை தண்டனை உண்டா என்று கால்வினிஸ்டான ஜான் ஓவன் போன்றோர் எழுப்பிய கேள்வி கனமானது. அதைத் தாராளமாக எழுப்பலாம். ஆனால் அர்மீனியர்கள் நரகத்தை மறுக்கிறார்கள் என்று சொல்லக் கூடாது.

அப்புறம், கால்வினிஸ்டுகளைப் பார்த்து, "நீங்கள் சொல்வது உண்மையானால் எல்லாருக்கும் சுவிசேஷம் சொல்வது எதற்கு?" என்ற கேள்வி. டோர்ட் தீர்மானத்தின் அதே அதிகாரம், ஐந்தாவது பிரிவில், சுவிசேஷ வாக்குறுதியை எல்லா ஜனங்களுக்கும் பாகுபாடின்றி அறிவிக்கக் கட்டளையிடுகிறது. 1793இல் வங்காளத்துக்கு வந்த வில்லியம் கேரி 'குறிப்பிட்ட பாப்டிஸ்ட்' பிரிவைச் சேர்ந்தவர். கிறிஸ்து குறிப்பிட்டவர்களையே மீட்க மரித்தார் என்ற இந்த உபதேசத்தால்தான் அந்தப் பிரிவுக்கே அப்படிப் பெயர். அந்த நம்பிக்கை அவரைக் கப்பல் ஏறவிடாமல் தடுக்கவில்லை.

இரண்டே கட்சிகள்தான் உண்டு என்று நினைப்பதும் சரியல்ல. லூத்தரன் சபையார் தெரிந்துகொள்ளுதலையும் நம்புகிறார்கள், கிறிஸ்து எல்லாருக்காகவும் மரித்தார் என்றும் போதிக்கிறார்கள். பிரான்சின் சொமூர் நகரில் போதித்த மொயீஸ் அமிரோ கால்வின் வழிவந்த சீர்திருத்தச் சபைக்குள் இருந்துகொண்டே நடுவழி ஒன்றைச் சொன்னார். 1637இல் சபைப் பேரவை அவரை விசாரித்தும் விலக்கவில்லை. டோர்ட்டில் உட்கார்ந்திருந்த இங்கிலாந்துப் பிரதிநிதி ஜான் டாவனன்ட்டும் எல்லாருக்காகவும் மரித்தார் என்ற பக்கம் சாய்ந்தவர்.

கடைசியாக, அதிகம் நடக்கிற தவறு, வசனத்தை எறிவது. ஒருவர் 1 யோவான் 2:2ஐ எடுத்து "சர்வலோகத்தின் பாவங்களையும்" என்று படித்துவிட்டு வாதம் முடிந்தது என்கிறார். அதே யோவானின் சுவிசேஷத்தில் (12:19) பரிசேயர் "உலகமே அவனுக்குப் பின்சென்றுபோயிற்று" என்று புலம்புகிறார்களே, அங்கே உலகம் என்றால் ஆள் ஒருவர் விடாமல் எல்லாரும் என்றா அர்த்தம்? சரி, அடுத்தவர் யோவான் 10:15ஐக் காட்டி, "ஆடுகளுக்காக ஜீவனைக் கொடுக்கிறேன்" என்றாரே, அப்படியானால் ஆடுகளுக்கு மட்டும்தான் என்கிறார். அந்த வசனத்தில் 'மட்டும்' இல்லை. "எனக்காகத் தம்மைத்தாமே ஒப்புக்கொடுத்த" என்று கலாத்தியர் 2:20இல் பவுல் எழுதியதால் பவுலுக்காக மட்டும் மரித்தார் என்று யாரும் முடிவு செய்வதில்லை.

அதனால் அவரவர் தமக்குக் கடினமான வசனத்தில் நேரம் செலவிடுவது நல்லது. கால்வினிஸ்டுக்கு அது 2 பேதுரு 2:1. அழிவுக்குப் போகிற கள்ளப்போதகர்களையும் ஆண்டவர் கிரயத்துக்குக் கொண்டார் என்கிறது. அர்மீனியருக்கு அது யோவான் 10:26. நீங்கள் என் ஆடுகள் இல்லாதபடியால் விசுவாசிக்கவில்லை என்று இயேசு சொல்கிறார், விசுவாசிக்காததால் ஆடுகள் இல்லை என்று சொல்லவில்லை. இரு தரப்பிலும் இவற்றுக்குப் பழைய, யோசித்து எழுதிய பதில்கள் உண்டு. அவற்றைப் படித்த பிறகு வகுப்பில் கை தூக்குங்கள்.