ஜெர்மனியில் படிக்க பட்ஜெட்: 11,904 யூரோவுக்கு வெளியே இருக்கும் செலவுகள்

ஜெர்மனிக்கு மாஸ்டர்ஸ் படிக்கக் கிளம்புகிறவர்கள் வீட்டில் ஒரே ஒரு எண்தான் அடிபடும்: 11,904 யூரோ. மாதம் 992 வீதம் ஓராண்டுக்கு ப்ளாக்டு அக்கவுண்டில் (மாதம் ஒரு தவணையாக மட்டுமே எடுக்க முடிகிற கணக்கு) காட்ட வேண்டிய தொகை. (அவ்வப்போது மாற்றுவார்கள், பணம் அனுப்பும் வாரத்தில் தூதரகத் தளத்தைப் பார்த்துவிடுங்கள்.) இது விசா நிபந்தனைதான், பட்ஜெட் இல்லை. கிளம்பும் முன் ஆகும் செலவும், போய் இறங்கிய முதல் இரண்டு மாதச் செலவும் இதில் வராது. கையைக் கடிப்பது அந்த இரண்டும்தான்.

படி 1: கிளம்பும் முன்

ஏபிஎஸ் சான்றிதழ் (நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தருவது) 18,000 ரூபாய். யூனி-அசிஸ்ட் (பல பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்பச் சேவை) வழியாக விண்ணப்பித்தால் முதலாவதுக்கு 75 யூரோ, அதே செமஸ்டரில் அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30. பத்து இடங்களுக்குப் போட்டால் 345 யூரோ. விசா கட்டணம் 75 யூரோ. ஆங்கிலத் தேர்வு, விமான டிக்கெட் தனி.

அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை. விலக்குகள் உண்டு. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மாஸ்டர்ஸுக்கு செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 வரை.

பெங்களூர்த் தமிழர்கள் கவனிக்க: விசாவுக்கு, கர்நாடகாவில் வசிப்பவர்களுக்கு பெங்களூர்த் துணைத் தூதரகம், தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சென்னை. ஆதாரில் சேலம், குடியிருப்பது கே.ஆர்.புரம் என்றால் வாடகை ஒப்பந்தம் மாதிரி முகவரிச் சான்றை முதலிலேயே தயார் செய்யுங்கள்.

படி 2: பணம் அனுப்புவது

கணக்குக்கு ஒரு யூரோ 105 ரூபாய் என்று வைப்போம். 11,904 யூரோ 12,49,920 ரூபாய் ஆகிறது. மாற்றுவதற்கான ஜிஎஸ்டி சுமார் 1,035 ரூபாய்தான். ஆனால் கூகுள் காட்டும் ரேட்டை விட வங்கி ஒன்றரை ரூபாய் கூட்டி விற்றாலே 17,856 ரூபாய் போய்விடும். அதனால் 'சார்ஜ் எவ்வளவு' என்று கேட்காதீர்கள். 'எல்லாம் சேர்த்து என் கணக்கிலிருந்து எத்தனை ரூபாய் கழியும்' என்று ஒரே நாளில் மூன்று இடங்களில் கேளுங்கள். பேரம் பேசலாம், குறைப்பார்கள்.

ஒரு பான் எண்ணிலிருந்து ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய் வரை டிசிஎஸ் (வெளிநாட்டுக்கு அனுப்பும்போது வங்கி முன்கூட்டியே பிடிக்கும் வரி) கிடையாது. அதைத் தாண்டும் தொகைக்கு மட்டும் பிடிப்பார்கள். வங்கிக் கல்விக் கடனிலிருந்து அனுப்பினால் பிடித்தமே இல்லை. சொந்தப் பணம் என்றால் அப்பா 7 லட்சம், அம்மா மீதி என்று பிரித்து அனுப்பலாம். பிடித்தாலும் வருமான வரித் தாக்கலில் சரிக்கட்டிக்கொள்ளலாம், ஆனால் பணம் அதுவரை முடங்கும். பணம் எதற்கு என்று காட்டும் நோக்கக் குறியீடு, படிப்புக்கான எஸ்0305 தானா என்று படிவத்தில் பாருங்கள்.

அடிக்கடி நடக்கும் கோளாறு: இடையில் உள்ள வங்கி 20 யூரோ எடுத்துக்கொள்ள, தொகை குறைவாகப் போய்ச் சேரும், விசாவுக்கு வேண்டிய கணக்கு உறுதிச் சான்று வராது. இடைவங்கிக் கட்டணமும் நம்முடையது என்று தேர்ந்தெடுத்து, 50 யூரோ கூடுதலாகவே அனுப்புங்கள்.

படி 3: முதல் 60 நாள்

ப்ளாக்டு அக்கவுண்ட் பணம், நீங்கள் போய் இறங்கிய அன்றே கைக்கு வராது. மாதத் தவணை போய் விழ ஒரு நடப்புக் கணக்கு வேண்டும். கணக்குத் தொடங்கப் பல வங்கிகள் நகர அலுவலகத்தில் செய்த முகவரிப் பதிவைக் கேட்கும். பதிவுக்கு வீட்டுக்காரர் எழுதித் தரும் குடியிருப்புச் சான்று வேண்டும். தற்காலிக அறை கொடுப்பவர்கள் பலர் அதைத் தர மாட்டார்கள். ஆக, நிலையான அறை கிடைக்கும்வரை சொந்தக் காசில்தான் ஓட்ட வேண்டும். அறை பேசும்போதே "முகவரிப் பதிவு செய்யலாமா?" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஒதுக்க வேண்டியது தோராயமாக:

- இரண்டு வாரத் தற்காலிக அறை: 600 யூரோ
- அட்வான்ஸ்: 1,200
- முதல் மாத வாடகை: 500
- செமஸ்டர் கட்டணம் (கல்விக் கட்டணம் வேறு, இது வேறு): 300
- வசிப்பு அனுமதி: 100
- சாப்பாடு, போர்வை, பாத்திரம்: 300

மொத்தம் 3,000 யூரோ. பெங்களூரில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்களுக்கு ஆறுதல்: அங்கே சட்டப்படி மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்க முடியாது. அதுவும் ஹீட்டிங் முதலியவை சேராத 'குளிர் வாடகை'க்குத்தான் கணக்கு. மூன்று தவணையாகவும் கட்டலாம். அறையைப் பார்க்காமல் அட்வான்ஸை ஆன்லைனில் அனுப்பச் சொன்னால் அந்த விளம்பரத்தை அப்படியே விட்டுவிடுங்கள்.

இந்தப் பணத்தை ஃபாரெக்ஸ் கார்டில் ஏற்றி, 300 யூரோ மட்டும் ரொக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: மாதக் கணக்கு

எல்லாம் சேர்ந்த 'சூடு வாடகை' 400, மருத்துவக் காப்பீடு 150, சாப்பாடு 220, மொபைல் 15, வானொலி-தொலைக்காட்சிக் கட்டணம் 18.36. கூட்டினால் 803, 992-க்குள் அடங்கும். அதே கணக்கில் மியூனிக் வாடகை 700 என்று போட்டால் 1,103. மாதம் 111 யூரோ துண்டு விழும். ஊரைத் தேர்ந்தெடுக்கும்போதே இந்த வித்தியாசத்தை எழுதிப் பாருங்கள்.

டிவி இல்லையென்றாலும் அந்த 18.36 உண்டு. ஆனால் வீட்டுக்கு ஒன்றுதான், நால்வர் இருந்தால் பங்கு போடலாம். 30 வயதைத் தாண்டியவர்களுக்கு மாணவர் காப்பீட்டுச் சலுகை பொதுவாகக் கிடைக்காது. 150 என்பதை அவர்கள் நம்ப வேண்டாம்.

பார்ட் டைம் வேலைக்கு ஆண்டுக்கு 140 முழு நாள் அனுமதி உண்டு. ஆனால் ஜெர்மன் மொழி தெரியாமல் வேலை கிடைக்க நாளாகும். முதல் செமஸ்டருக்கு வருமானக் கட்டத்தில் பூஜ்ஜியம் என்றே எழுதுங்கள்.