கருத்தடை மாத்திரையால் முடி கொட்டுகிறதா? கண்டுபிடிப்பது இப்படி

சீப்பில் முடி பந்து பந்தாக வந்ததும் பலர் மாத்திரையைப் பாதி அட்டையில் நிறுத்திவிடுகிறார்கள். வேண்டாம். சில வாரங்களிலேயே கரு தங்கலாம். நிறுத்தியதற்காகவே இன்னொரு சுற்று முடியும் கொட்டலாம்.

1. காலண்டரை எடுங்கள்

கொட்டத் தொடங்கிய நாளிலிருந்து இரண்டு மூன்று மாதம் பின்னால் எண்ணுங்கள். அப்போது மாத்திரை தொடங்கினீர்களா, நிறுத்தினீர்களா, மாற்றினீர்களா? வளர்ச்சி நின்ற முடி உடனே விழாது. ஏறக்குறைய 3 மாதம் வேரிலேயே இருந்துவிட்டுத்தான் உதிரும். ஆகவே போன வாரம் வாங்கிய ஷாம்பூ மேல் பழி போடாதீர்கள். மாத்திரையில் உள்ள பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் இருக்கும்வரை முடி வளரும் பருவத்திலேயே நிற்கும், குறைந்ததும் மொத்தமாக விடும். பிரசவத்துக்குப் பின் கொட்டுவதும் இதனால்தான். அதே மாதங்களில் டெங்கு, ஆபரேஷன், பட்டினி டயட் ஏதாவது இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

2. இழுத்துப் பாருங்கள்

தலைக்குக் குளித்த மறுநாள், 50, 60 முடியை வேரோரமாக இரு விரலால் பிடித்து நுனிவரை மெதுவாக உருவுங்கள். உச்சி, பக்கவாட்டு, பிடரி என மூன்று இடத்தில் செய்யவும். ஒரு இழுப்பில் 6 முடிக்கு மேல் வந்தால் உதிர்வு அதிகம். முடியின் அடியில் வெள்ளைக் குமிழ் இருந்தால் வேரோடு விழுந்தது. இல்லையென்றால் நடுவில் உடைந்தது, அதற்கும் மாத்திரைக்கும் சம்பந்தமில்லை.

3. வகிட்டைப் படம் எடுங்கள்

மாதம் ஒருமுறை, அதே ஜன்னல் வெளிச்சத்தில். தலை முழுக்கச் சமமாகக் கொட்டினால் பெரும்பாலும் ஆறு மாதத்தில் தானே அடங்கும். வகிடு மட்டும் அகன்றுகொண்டே போனால் அது பெரும்பாலும் பரம்பரை வகை, காத்திருந்தால் சரியாகாது.

4. அட்டையின் பின்புறத்தைப் படியுங்கள்

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் மாலா-என்னில் 21 ஹார்மோன் மாத்திரை: லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மி.கி., எத்தினைல் எஸ்ட்ராடியால் என்னும் ஈஸ்ட்ரோஜன் 0.03 மி.கி. மீதி 7 இரும்புச்சத்து. லெவோநார்ஜெஸ்ட்ரல் கொஞ்சம் ஆண் ஹார்மோன் போலவும் வேலை செய்யும். பரம்பரையாக முடி மெலியும் குடும்பத்தில்தான் இது பெரும்பாலும் தொந்தரவு. வேறு மாத்திரைகளில் அதற்குப் பதிலாக இருக்கும் டெசோஜெஸ்ட்ரலுக்கு அந்தக் குணம் குறைவு. ட்ரோஸ்பைரினோன் ஆண் ஹார்மோனுக்கு எதிராகவே வேலை செய்யும். ஆனால் இந்த இரண்டையும் ஈஸ்ட்ரோஜனோடு சேர்த்து எடுக்கும்போது ரத்தக்கட்டு அபாயம் சற்றுக் கூடுதல். பி.பி., கண்முன் ஒளி மின்னும் ஒற்றைத் தலைவலி, 35 வயதுக்கு மேல் புகைப்பழக்கம் இருந்தால் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையே கூடாது.

5. ரத்தப் பரிசோதனை

ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் உள்ள இரும்புச்சத்துச் சேமிப்பு), டி.எஸ்.எச். (தைராய்டு). முடிக்காக பயோட்டின் என்ற வைட்டமின் சாப்பிடுகிறவர்கள் இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும். தைராய்டு ரிசல்ட்டையே அது குழப்பிவிடும். பி.சி.ஓ.எஸ். (சினைப்பை ஹார்மோன் கோளாறு) சந்தேகத்துக்கு ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் பார்ப்பதென்றால், மாத்திரை எடுக்கும்போது அளவு குறைவாகத்தான் காட்டும். டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

6. மாற்றுவதென்றால்

டாக்டர் வேறு மாத்திரை எழுதினால், பழைய அட்டையின் கடைசி ஹார்மோன் மாத்திரைக்கு மறுநாளே புதியதைத் தொடங்குங்கள். இடைவெளி விட்டால் பாதுகாப்பு போய்விடும். ஹார்மோனே வேண்டாம் என்றால் காப்பர்-டி இருக்கிறது. அந்தரா என்ற கருத்தடை ஊசி போட்டவர்களுக்கு, மாறினாலும் ஹார்மோன் உடனே நீங்காது, ஒரு ஊசி மூன்று மாதம் உடம்பில் நிற்கும்.

பரம்பரை வகைக்கு மினாக்சிடில் என்ற முடி வளர்ச்சி மருந்தை எழுதிக்கொடுத்தால், முதல் சில வாரம் இன்னும் அதிகமாகவே கொட்டலாம். பயந்து அப்போதே நிறுத்திவிடாதீர்கள். பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போது இதையும் நிறுத்த வேண்டும்.