பேஸ்பால் ஸ்கோர்கார்டு எழுதுவது எப்படி: ஒரு பென்சில், ஒன்பது எண்கள், கடைசியில் கொஞ்சம் கூடைப்பந்து

சிகாகோவுக்கு வந்த புதிதில் ஆபீஸ் சாப்பாட்டு மேசையில் நான் பேசாமல்தான் உட்கார்ந்திருப்பேன். ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை பேச்சு முழுக்க கப்ஸ், பேஸ்பால். குளிர் வந்தால் புல்ஸ், கூடைப்பந்து. கிரிக்கெட் தெரியும் என்பதால் பேஸ்பால் விதிகள் சீக்கிரம் பிடிபட்டன. ஆனால் ஆட்டம் மனதில் தங்கவில்லை. மூன்று மணி நேரம் பார்த்தாலும், மறுநாள் யார் எப்படி அவுட் ஆனார் என்று கேட்டால் சொல்ல வராது. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் ஸ்கோர்கார்டு (ஒவ்வொரு பேட்டருக்கும் என்ன ஆனது என்று குறித்து வைக்கும் தாள்) எழுதுவதைப் பார்த்து நானும் பென்சில் எடுத்தேன். அதற்கப்புறம்தான் ஆட்டம் தங்க ஆரம்பித்தது.

மூன்று ஸ்ட்ரைக்குக்கு (அடிக்கத் தவறிய அல்லது அடிக்காமல் விட்ட நல்ல பந்து) அவுட், நான்கு பாலுக்கு (எல்லைக்கு வெளியே வந்த, பேட்டர் மட்டை வீசாத பந்து) முதல் பேஸ், மூன்று அவுட்டுக்கு அணி மாறும். இவ்வளவு தெரிந்தால் கீழே உள்ளது போதும்.

என்ன வேண்டும்

சாதாரண எச்.பி. பென்சில், நல்ல அழிப்பான், சுருள் கம்பி போட்ட ஸ்கோர் நோட்டு. பேனா வேண்டவே வேண்டாம். சிகாகோ ஏப்ரல் குளிரில் பால்பாயின்ட் மை இறங்காது. இறங்கினாலும் முதல் இன்னிங்கிலேயே அடித்தல் திருத்தல் வந்துவிடும். மைதானத்தில் விற்கும் ஒற்றை அட்டை நினைவுக்கு வைத்துக்கொள்ள அழகு, ஆனால் கட்டங்கள் சிறியவை. போன் செயலிகளையும் முயன்று பார்த்தேன். பட்டனைத் தட்டினால் அதுவே எல்லாவற்றையும் நிரப்பிவிடுகிறது, நமக்கு எதுவும் பதிவதில்லை. எழுதக் கற்றுக்கொள்ளும் வரை செயலியைத் தொடாதீர்கள்.

படி 1: பெயர்கள்

ஆட்டத்துக்கு முன் இரு அணிகளின் பேட்டிங் வரிசையை எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் கீழே ஒரு வரி காலியாக விடுங்கள். மாற்று ஆட்டக்காரர் வருவார். 2022 முதல் மேஜர் லீக்கின் இரண்டு பிரிவுகளிலும் பிட்ச்சருக்கு (பந்து எறிபவர்) பதில் பேட் செய்ய ஒருவர் தனியாக இருக்கிறார். அதனால் பிட்ச்சர்களின் பெயர்களைப் பக்கத்தின் அடியில் தனியாக எழுதிக்கொள்ளலாம்.

படி 2: ஒன்பது எண்கள் (நான் தடுக்கி விழுந்த இடம்)

ஃபீல்டர்களை எண்ணால் குறிப்பார்கள். பிட்ச்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் 6, இடது அவுட்ஃபீல்டு 7, நடு 8, வலது 9.

முதல் ஐந்து ஆட்டங்களுக்கு நான் சட்டையில் இருந்த எண்ணை எழுதிவிட்டேன். யாரும் அது தப்பு என்று சொல்லவில்லை, ஏனென்றால் யாரிடமும் காட்டவில்லை. 2016 உலகத் தொடரின் (சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் தொடர்) ஏழாவது ஆட்டத்தைப் பதிவில் பார்த்து எழுதிப் பழகியபோதுதான் குழப்பம் வெளிப்பட்டது. கப்ஸின் இரண்டாம் பேஸில் நின்ற ஹவியர் பாயஸின் சட்டை எண் 9. என் தாளில் '9' என்று இருந்த இடத்தில் எல்லாம், இரண்டு நாள் கழித்துப் படித்தால், வலது அவுட்ஃபீல்டர் பந்தை எடுத்த மாதிரி இருந்தது. ஷார்ட்ஸ்டாப் ஆடிசன் ரஸல் 27, முதல் பேஸ் அந்தோணி ரிஸ்ஸோ 44. அவர்கள் மூவரும் சேர்ந்து எடுக்கும் இரட்டை அவுட்டை (ஒரே பந்தில் இருவர் அவுட்) நான் 27-9-44 என்று எழுதியிருப்பேன். சரியானது 6-4-3. ஆள் மாறலாம், அணி மாறலாம், நூறு வருடத்துக்கு முந்தைய ஆட்டமாகவும் இருக்கலாம். 6-4-3 என்றால் ஷார்ட்ஸ்டாப் எடுத்து, இரண்டாம் பேஸுக்கு வீசி, அங்கிருந்து முதல் பேஸுக்குப் போன பந்து என்று எல்லோருக்கும் புரியும்.

இன்னொரு சிக்கல், ஷார்ட்ஸ்டாப் இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவில் நிற்கிறார். வரிசையாக எண்ணிக்கொண்டு போனால் கை தானாக அவருக்கு 5 போட்டுவிடும். எனக்கு உதவிய வழி இது: பேஸ்களை முதலில் 3, 4, 5 என்று முடித்துவிடுங்கள். பேஸ் இல்லாத ஆள் கடைசியில் 6. இதை ஒரு துண்டுத் தாளில் வரைந்து நோட்டின் அட்டையில் ஒட்டி வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அந்த ஏழாவது ஆட்டத்தின் கடைசி அவுட்டையும் எழுதிப் பாருங்கள். பத்தாவது இன்னிங், கப்ஸ் 8, கிளீவ்லாந்து 7. மைக்கேல் மார்ட்டினஸ் மெதுவாக உருட்டிவிட்ட பந்தை மூன்றாம் பேஸிலிருந்து ஓடிவந்து கிரிஸ் பிரயன்ட் எடுக்கிறார், வழுக்கிக்கொண்டே முதல் பேஸுக்கு வீசுகிறார், ரிஸ்ஸோ பிடிக்கிறார். தாளில் இது 5-3, அவ்வளவுதான். கப்ஸ் கோப்பை வெல்ல 108 வருடம் காத்திருந்த ஊர் இந்த இரண்டு எண்களில் வந்து நிற்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர் அன்றைய தாளைச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிறார். அதில் அந்த 5-3 மட்டும் கொஞ்சம் கோணல். எழுதும்போது கை நடுங்கியது என்றார்.

படி 3: கட்டத்துக்குள் என்ன எழுதுவது

ஒரு பேட்டர் ஒரு முறை வந்தால் ஒரு கட்டம். கட்டத்துக்குள் உள்ள வைரத்தின் கீழ் முனை ஹோம், வலது முனை முதல் பேஸ், மேல் முனை இரண்டாவது, இடது முனை மூன்றாவது. ஓடிய தூரத்துக்குக் கோடு போடுங்கள். ரன் எடுத்துவிட்டால் வைரம் முழுவதையும் தீட்டிவிடுங்கள். அவுட் ஆனால் எந்த அவுட் என்று 1, 2, 3 எழுதி வட்டம் போடுங்கள்.

ஸ்ட்ரைக் அவுட்டுக்கு ஆங்கில எழுத்து 'கே'. மட்டையை வீசாமல் நின்று பார்த்தபடியே அவுட் ஆனால் அதைத் திருப்பிப் போட்ட 'கே'. இந்த எழுத்தைக் கொண்டுவந்தவர் ஹென்றி சாட்விக். இங்கிலாந்தில் பிறந்து, நியூயார்க்கில் கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர். 'ஸ்டிரக்' என்ற சொல்லின் கடைசி எழுத்தை எடுத்துக்கொண்டார். பேஸ்பால் ஸ்கோர் எழுத்தில் கிரிக்கெட் வாசனை அடிக்கிறதே என்று எனக்குத் தோன்றியது வீண் இல்லை.

இரட்டை அவுட்டில் பலர் தடுமாறுவார்கள். பேட்டரின் கட்டத்தில் 6-4-3. முதல் பேஸிலிருந்து ஓடியவரின் கட்டத்தில், முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் கோட்டை வெட்டிவிட்டு 6-4. அவுட் எண்களில் ஓடியவருக்கு முந்தையது, பேட்டருக்குப் பிந்தையது.

சனிக்கிழமை மதியம் இட்லிக்கு மாவு ஆட்டிக்கொண்டே ரேடியோ வர்ணனை கேட்டு எழுதிப் பழகலாம். படம் இல்லாததால் காது கூர்மையாகிறது. கிரைண்டரை மட்டும் இன்னிங் இடைவெளியில் போடுங்கள்.

படி 4: கணக்கு சரிபார்ப்பு

தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள். ஒரு அணியின் பேட்டர்கள் மொத்தம் எத்தனை முறை வந்தார்கள் என்று எண்ணுங்கள். அது, அந்த அணியின் ரன்கள், பேஸில் மிச்சம் நின்றவர்கள், அவுட்டுகள் மூன்றையும் கூட்டினால் வரும் தொகைக்குச் சமமாக இருக்க வேண்டும். 4 ரன், 7 பேர் மிச்சம், 27 அவுட் என்றால் 38 முறை. வந்தவர்கள் எல்லோரும் ஒன்று வீடு திரும்பினார்கள், இல்லை அவுட் ஆனார்கள், இல்லை பேஸில் நின்றுபோனார்கள். நான்காவது வழி கிடையாது. கணக்கு உதைத்தால் எங்கோ ஒரு கட்டம் விட்டுப்போயிருக்கிறது. உள்ளூர் அணி ஒன்பதாவதில் பேட் செய்யாமலே ஜெயித்தால் அவர்களுக்கு 24 அவுட்தான்.

கூடைப்பந்துக்கு

கூடைப்பந்தைக் கையால் எழுத நான் சொல்ல மாட்டேன், வேகம் அதிகம். 24 விநாடிக்குள் பந்தைக் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். 1954ல் சிரக்யூஸ் அணியின் உரிமையாளர் டேனி பயசோனும் அவருடன் இருந்தவர்களும் போட்ட கணக்கு அது: ஆட்டம் 2880 விநாடி, ரசிக்கும்படியான ஆட்டத்தில் இரு அணியும் சேர்ந்து 120 எறிதல், வகுத்தால் 24. இங்கே ஆட்டம் முடிந்ததும் வரும் புள்ளிப் பட்டியலைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

அதில் ஒரு பொறி உண்டு. 'ஃபீல்டு கோல்' எண்ணிக்கையிலேயே மூன்று புள்ளிக் கூடைகளும் அடக்கம். கோபி பிரயன்ட் தன் கடைசி ஆட்டத்தில், 2016 ஏப்ரல் 13 அன்று, 60 புள்ளி எடுத்தார். பட்டியலில் ஃபீல்டு கோல் 22, மூன்று புள்ளி 6, ஃப்ரீ த்ரோ (ஒரு புள்ளி எறிதல்) 10. நான் 22ஐ இரண்டாலும் 6ஐ மூன்றாலும் பெருக்கி, ஃப்ரீ த்ரோ 10ஐயும் கூட்டி, 72 வருகிறதே என்று அரை மணி நேரம் தவித்தேன். சரியான வழி: 22 இரட்டை 44, அதோடு மூன்று புள்ளிக் கூடைகளுக்குத் தலா ஒன்று கூடுதலாக 6, ஃப்ரீ த்ரோ 10, ஆக 60. வில்ட் சேம்பர்லின் 1962ல் எடுத்த 100க்கு இந்தத் தொல்லை இல்லை. மூன்று புள்ளிக் கோடே அப்போது என்.பி.ஏ.வில் (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) கிடையாது. 36 கூடை, 28 ஃப்ரீ த்ரோ.

பின்சேர்க்கை 1

ஷார்ட்ஸ்டாப் நகர்ந்து இரண்டாம் பேஸ் அருகே நின்று பந்தை எடுத்தால் 4 போடுவதா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். எங்கே நின்றாலும் அவர் 6தான். 2023 முதல் இரண்டாம் பேஸின் இரு பக்கமும் இரண்டிரண்டு இன்ஃபீல்டர்கள் (3 முதல் 6 வரை எண் உள்ளவர்கள்) நிற்க வேண்டும் என்று விதி வந்துவிட்டதால் இந்தக் குழப்பம் முன்பை விடக் குறைவு.

பின்சேர்க்கை 2

பத்தாவது இன்னிங்குக்குப் போன ஆட்டத்தில் படி 4 கணக்கு ஒன்று இடிக்கிறது என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். தப்பு உங்களுடையது இல்லை, நான் சொல்ல விட்டுவிட்டேன். 2020 முதல் வழக்கமான சீசனில் கூடுதல் இன்னிங் ஒவ்வொன்றும் இரண்டாம் பேஸில் ஒருவரோடு தொடங்குகிறது. பேட்டிங் வரிசையில் முதலில் வரப்போகிறவருக்கு முந்தைய ஆள் அவர். பேட் செய்யாமலே பேஸில் நிற்பதால், அவர் ரன் எடுத்தாலும் அவுட் ஆனாலும் நின்றுபோனாலும் ஒரு பக்கம் கூடிவிடும். அதனால் பேட்டர் எண்ணிக்கையோடு கூடுதல் இன்னிங் ஒவ்வொன்றுக்கும் 1 சேர்த்துக்கொள்ளுங்கள். அவருடைய கட்டத்தில் இரண்டாம் பேஸிலிருந்து புள்ளிக்கோடு போட்டுத் தொடங்குகிறேன், சாதாரணக் கோட்டோடு கலக்காது. அவர் எடுக்கும் ரன்னை பிட்ச்சரின் 'ஏர்ண்டு ரன்' (பிட்ச்சரின் பொறுப்பில் எழுதப்படும் ரன்) கணக்கில் சேர்க்காதீர்கள்.