13 லட்சம் வண்டி நாலரைக்குக் கிடைக்கிறதா? கொஞ்சம் நில்லுங்கள்

போன வாரம் அக்கா மகன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். கறுப்பு செடான், சன்ரூஃப், உள்ளே சந்தன நிறத்தில் லெதர் சீட். கீழே ஒரே வரி: "மாமா, புதுசா எடுத்தப்ப 16 லட்சமாம், அஞ்சேகால் சொல்றாங்க, பேசினா அஞ்சுக்கு முடிச்சிரலாம்." பார்த்ததுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2021-ல் நானும் இதே மாதிரி ஒரு படத்தைத்தான் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அவனுக்கு 31 வயது, இதுதான் முதல் கார். நான் வாங்கும்போது எனக்கு 34. அதற்கப்புறம் நண்பர்கள், பங்காளிகள், ஆபீசில் கூட இருப்பவர்கள் என்று முப்பது வண்டிக்கு மேல் கூடப் போய்ப் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். மெக்கானிக் இல்லை, சூடு கண்ட பூனை, அவ்வளவுதான். ஆர்.சி. புக்கைப் பாருங்கள், ஓட்டிப் பாருங்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். பழைய கார் வாங்குகிறவர்கள் செய்கிற தப்புகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

சின்ன வண்டி விலைக்குப் பெரிய வண்டி

இதை நினைத்தால் இன்னமும் எரிச்சல் வருகிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கையில் இருந்தது ஐந்து லட்சம். அந்தக் காசுக்கு நான்கு வருஷம் ஓடிய, ஒழுங்கான ஒரு வேகன்ஆர் கிடைத்தது, பார்க்கவும் செய்தேன். ஆனால் முப்பது வயதைத் தாண்டி முதல் கார் வாங்குகிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. இத்தனை வருஷம் பைக்கில் போனதற்கெல்லாம் சேர்த்து ஒரே வண்டியில் ஈடுகட்டிவிட வேண்டும், ஊர்த் திருவிழாவில் போய் இறங்கினால் நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும். அந்த நேரம் பார்த்து புரோக்கர் ஒருவர் ஏழு வருஷம் ஓடிய ஐரோப்பிய செடான் ஒன்றைக் காட்டினார். டீசல், ஆட்டோமேட்டிக். புதிதில் 13 லட்சம், இப்போது நான்கு லட்சத்து அறுபதாயிரம். கதவைச் சாத்தினால் 'டப்'பென்று வரும் அந்தச் சத்தத்திலேயே விழுந்துவிட்டேன்.

மூன்று மாதம் ராஜவாழ்க்கை. நான்காவது மாதம் மதுரை காளவாசல் சிக்னலில், சாயங்கால நெரிசலில், டேஷ்போர்டில் கியர் எழுத்து மினுக்க ஆரம்பித்தது. முன்னால் கொஞ்சம் நகர்ந்தது, ரிவர்ஸ் போகவே இல்லை. பின்னால் பஸ்காரர் ஹாரனில் இருந்து கையை எடுக்கவில்லை. ரெக்கவரி வண்டியில் ஏற்றி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். இரண்டு நாள் கழித்து எஸ்டிமேட் வந்தது, இரண்டு பக்கம். கியர்பாக்ஸை இயக்குகிற மெக்கட்ரானிக் யூனிட் போய்விட்டதாம், அது மட்டும் 1,85,000 ரூபாய். அதுகூடப் பரவாயில்லை, கீழே ஒரு வரியில் எட்டு போல்ட், ஒன்று 340 ரூபாய் என்று போட்டிருந்தது. எதற்கு என்று கேட்டேன். "இது ஒருதடவை கழற்றினா திரும்பப் போடக் கூடாது சார், இழுபட்டுடும்" என்றார் அட்வைசர். அவர் சொன்னது சரிதான், அந்த வகை போல்ட் அப்படித்தான். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் மண்டையில் உறைத்தது, நான் வாங்கியது நாலரை லட்சம் வண்டி இல்லை. 13 லட்சம் வண்டியைத்தான் வாங்கியிருக்கிறேன், மிச்சப் பணத்தை இனிமேல் தவணை தவணையாகக் கட்டப் போகிறேன்.

வண்டியின் விலை வருஷா வருஷம் இறங்கும். அதன் கிளட்ச் செட், ஹெட்லைட், ஏ.சி. கம்ப்ரசர் விலை இறங்காது, ஏறத்தான் செய்யும். இன்சூரன்ஸ் இருக்கிறதே என்றால், அது இடித்தால், திருடு போனால், வெள்ளத்தில் மாட்டினால்தான். தேய்ந்து போனதற்கும் தானாகப் பழுதானதற்கும் சாதாரண பாலிசியில் பைசா வராது. அப்புறம் இன்னொன்று, அந்த மாதிரி வண்டியை முதல் ஓனர் எப்போது விற்பார்? பெரிய செலவு ஒன்று வாசல் வரை வந்து நிற்கும்போதுதான். விலை அவ்வளவு இறங்கியிருக்கிறது என்றால், சந்தைக்கு இது தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. பக்கத்துத் தெரு மெக்கானிக்கிடம் போனேன். "அண்ணே, இதுக்கு ஸ்கேனர் நம்மகிட்ட இல்ல, கையை வச்சு நீங்க என்னைத் திட்டுறதுக்கா?" என்றார். நல்ல மனுஷன். இரண்டு வருஷத்தில் மொத்தம் மூன்றரை லட்சம் செலவு, கடைசியில் விற்றது இரண்டு லட்சத்து நாற்பதுக்கு. ஆனையைக் கட்டித் தீனி போட்ட கதை.

அதனால் இப்போது யார் வந்தாலும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை வைக்கிறேன். வண்டியின் மாடலும் வருஷமும் சொல்லி, ஸ்பேர்ஸ் கடையில் நான்கு சாமானுக்கு விலை கேட்டு வா: கிளட்ச் செட், ஒரு ஹெட்லைட், ஏ.சி. கம்ப்ரசர், முன்பக்க ஷாக் அப்சார்பர் ஜோடி. ஆட்டோமேட்டிக் என்றால் கியர்பாக்ஸ் பழுதுக்கும் சேர்த்துக் கேள். கடைக்காரர் யோசிக்காமல் விலை சொல்லி, "எப்ப வேணும், இன்னைக்கேவா?" என்றால் தைரியமாக இறங்கலாம். "ஆர்டர் போடணும், மூணு வாரம் ஆகும்" என்றால் யோசி. ஸ்விஃப்ட், வேகன்ஆர், கிராண்ட் ஐ10, எட்டியோஸ் இதெல்லாம் பார்க்க அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் ராத்திரி திண்டிவனத்தில் நின்றுவிட்டாலும் காலையில் சாமான் கிடைக்கும். எட்டியோஸ் நிறைய டாக்ஸியாக ஓடிய வண்டி, டி-போர்டில் இருந்து ஓன் போர்டுக்கு மாற்றியதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்து லட்சம் இருந்தால் ஐந்துக்கும் வண்டி வாங்கவும் கூடாது. நாலேகாலோடு நில்லுங்கள். ஆயில், ஃபில்டர், கூலன்ட், பேட்டரி, டயர் என்று முதல் மாதமே மிச்சத்துக்கு வேலை இருக்கும். டயரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருஷம் 23-வது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமல் இருந்தாலும் ஆறேழு வருஷம் ஆன டயரை மாற்றத்தான் வேண்டும்.

மீட்டரை நம்புவது

நம்பாதீர்கள். பிரேக் பெடல் ரப்பரைப் பாருங்கள். மீட்டர் குறைவாகக் காட்டி, ரப்பர் மட்டும் நன்றாகத் தேய்ந்திருந்தால் மீட்டரில் கை வைத்திருக்கிறார்கள்.

சூடாக இருக்கும் வண்டியை ஸ்டார்ட் செய்து பார்ப்பது

போனதும் பானெட்டில் கை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லாமல், மறுநாள் காலை ஏழு மணிக்கு வருகிறேன் என்று சொல்லுங்கள். புகையோ, செயின் சத்தமோ, இழுத்து இழுத்து ஸ்டார்ட் ஆவதோ, எல்லாம் குளிர்ந்த இன்ஜினில்தான் தெரியும்.

தினம் 10 கிலோமீட்டருக்கு டீசல்

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கிற ஃபில்டர் இருக்கிறது. அந்தக் கரி எரிய வண்டி கொஞ்ச நேரம் ஒரே சீராக ஓட வேண்டும். வீட்டில் இருந்து ஆபீஸ், ஆபீசில் இருந்து வீடு என்று சிக்னல் சிக்னலாக ஊர்ந்தால் அடைத்துக்கொள்ளும். பெட்ரோல் வாங்குங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2023 டிசம்பரில் சென்னையில் மூழ்கியவை ஒரு பக்கம், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலியில் மூழ்கியவை இன்னொரு பக்கம். அதெல்லாம் காயலான் கடைக்குப் போய்விட்டதாகவா நினைக்கிறீர்கள்? கார்பெட்டைக் கழுவுவார்கள், சென்ட் அடிப்பார்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சுருளுக்குள் இருந்து வருகிற பகுதியில், தேநீர்க் கறை மாதிரி ஒரு கோடு தெரிந்தால் அப்படியே கிளம்பிவிடுங்கள். எட்டு வருஷ வண்டியில் பெல்ட் மட்டும் புத்தம் புதிதாக இருந்தாலும் அதே கதைதான்.

"பேரு மாத்துறதை அப்புறம் பாத்துக்கலாம்"

பெயர் மாற்றத்துக்கான ஃபாரம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்காமல் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். கடனில் எடுத்த வண்டி என்றால் பேங்க் முத்திரையோடு ஃபாரம் 35, என்.ஓ.சி. இரண்டும் வேண்டும். "லோன் முடிஞ்சிருச்சு சார்" என்பார்கள். முடிந்திருக்கும், ஆனால் ஆர்.சி.யில் எச்.பி., அதாவது வண்டி பேங்க் கடனில் இருக்கிறது என்கிற பதிவு, கேன்சல் ஆகியிருக்காது. எம்பரிவாகன் என்கிற அரசு ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்கள். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் வண்டிச் சேதத்துக்கு கிளெய்ம் நிற்காது. பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் கேட்காததற்கு பிரீமியத்தில் கிடைக்கிற தள்ளுபடி, அவரோடு போய்விடும், அந்த வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும்.

விற்பவர்கள் இதில் அசட்டையாக இருப்பதும் ஆச்சரியம்தான். பெயர் மாற்றாமல் கொடுத்த வண்டி விபத்து செய்தால், நஷ்டஈட்டுக்கு ஆர்.சி.யில் இருக்கிறவர்தான் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே சொல்லிவிட்டது.

"டோக்கனா ஒரு பத்தாயிரம் கொடுத்து வைங்க"

கொடுத்த நிமிஷத்தில் இருந்து உங்கள் கண்ணுக்குக் குறை தெரியாது.

நிறம்

அக்கா மகன் ஸ்பேர்ஸ் கடைக்குப் போய் விலை கேட்டுவிட்டு வந்தான். ஒன்றும் பேசவில்லை, அந்தக் கறுப்பு செடான் படத்தை டெலிட் செய்தான். ஞாயிற்றுக்கிழமை விருதுநகரில் ஒரு ஸ்விஃப்ட் பார்த்தோம். ஒரே ஓனர், சர்வீஸ் ரெக்கார்டு முழுசாக இருக்கிறது, இன்ஜினில் ஒரு குறை இல்லை. "மாமா, எல்லாம் சரி, ஆனா சாம்பல் கலரா இருக்கே?" என்கிறான். "மாப்ளே, நீ உள்ள உக்காந்துதானே ஓட்டப் போற" என்றேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான்.