பயத்தைப் பழக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

சின்ன வயதில் நாய்க்கடி பட்டவர், இருபது வருடம் கழித்தும் குரைப்புச் சத்தம் கேட்டால் சட்டென்று நின்றுவிடுவார். “இன்னுமா பயம் போகல?” என்று கூட இருப்பவர் கேட்பார். முதல் தவறு அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. பழைய பயத்தை மூளை அவ்வளவு எளிதில் அழித்துவிடுவதில்லை.

ஒலி கேட்டதும் எச்சில் ஊறப் பழகிய நாய்களுக்கு, உணவு தராமல் ஒலியை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கச் செய்தார் ரஷ்ய விஞ்ஞானி பாவ்லவ். எச்சில் ஊறுவது நின்றது. சற்று இடைவெளி விட்டு மறுபடி ஒலித்தபோது, மீண்டும் ஊறியது! பயமும் இப்படித்தான். “இது ஆபத்து” என்ற பழைய பாடம், மூளையில் ஆபத்தை உணரும் பகுதியான அமிக்டலாவில் அப்படியே இருக்கும். “இப்போது ஒன்றும் ஆகவில்லை” என்ற புதுப் பாடம் அதன்மேல் பதியும். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதி அமிக்டலாவுக்குப் பிரேக் போடும். ஆகவே, அடங்கிய பயம் ஒருநாள் எட்டிப் பார்த்தால் பட்ட பாடெல்லாம் வீண் என்று அர்த்தமில்லை.

தவிர்ப்பது அடுத்த தவறு. லிஃப்டுக்குப் பயந்து படியேறினால் உடனே நிம்மதி கிடைக்கும். அந்த நிம்மதிதான் வினை. “படியேறியதால் தப்பித்தோம்” என்று மூளை குறித்துக்கொள்ளும்.

சரி, லிஃப்டில் ஏறியே விட்டோம். ஆனால் நண்பரின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு! பலர் கோட்டைவிடுவது இங்கேதான் என்பேன். ஒன்றும் ஆகாததற்கான பெருமையெல்லாம் அந்தக் கைக்குப் போய்விடும். லிஃப்டைப் பற்றி மூளை புதிதாக எதையும் கற்காது. எதிர்பார்த்தது நடக்காமல் போகும்போதுதான் புதுப் பாடம் நன்றாகப் பதிகிறது. அதனால், ஏறுவதற்கு முன் “என்ன ஆகும் என்று பயப்படுகிறேன்?” என்று ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். இறங்கியதும் அதை எடுத்துப் படியுங்கள். ஆரம்பத்தில் துணை இருக்கட்டும், தப்பில்லை; அப்புறம் கையை விட வேண்டும்.

ஒரே லிஃப்டில் பழகிவிட்டு நிறுத்துவதும் போதாது. புதுப் பாடம் கற்ற இடத்தோடு ஒட்டிக்கொள்ளும். வேறு கட்டடம், வேறு நேரம், தனியாக ஒரு முறை என்று மாற்றிப் பாருங்கள்.

நீச்சலுக்குப் பயப்படும் குழந்தையைத் தூக்கித் தண்ணீரில் போடுவதைச் சிலர் வைத்தியம் என்கிறார்கள். எனக்கு அது முரட்டுத்தனமாகவே படுகிறது. முயலுக்குப் பயந்த பீட்டர் என்ற சிறுவனிடம் உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ் நடத்திய ஆய்வு 1924-இல் வெளியானது. பிடித்த உணவை அவன் சாப்பிடும்போது முயலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவந்தார். கடைசியில் பையன் முயலைத் தடவிக்கொடுத்தான்.

இதெல்லாம் உண்மையில் ஆபத்தில்லாத விஷயங்களுக்கு மட்டும். விபத்து, வன்முறை போன்றவை விட்டுச்சென்ற பயத்தைத் தனியாகக் கிளற வேண்டாம். உளவியல் நிபுணரின் துணையோடு தொடங்குங்கள்.